பட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

"முதலில் படிப்பை முடிக்கட்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." கல்லூரியில் பிள்ளை படிக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாத வீடு அபூர்வம். பேராசிரியர்களிலும் பலர் இதையே சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் இந்த அறிவுரை இன்றைய நிலையில் அந்தப் பிள்ளையின் ஒரு முழு ஆண்டைப் பறித்துவிடுகிறது.

பொறியியல் கல்லூரிகளின் நடைமுறையைப் பார்த்தாலே போதும். ஏழாம் செமஸ்டர் தொடங்கும் ஜூலை, ஆகஸ்டிலேயே பல கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ ஆரம்பமாகிவிடுகிறது. ஐ.ஐ.டி.களில் டிசம்பர் 1. இன்டர்ன்ஷிப் வழியாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இன்னும் முன்னதாக, மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமே வந்துவிடுகின்றன. கோடை விடுமுறையில் நன்றாக வேலை செய்து காட்டியவர், இறுதியாண்டு வகுப்புக்குள் நுழையும்போதே வேலை உறுதியானவராக நுழைகிறார். மே மாதம் கடைசித் தேர்வை எழுதிவிட்டு பயோடேட்டா தயாரிக்க உட்காருபவர், இந்தச் சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்.

தனியார் துறைக்கு மட்டும்தான் இந்த அவசரம் என்று நினைப்பதும் தவறு. என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பொறியாளர்களை கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுத்து வருகின்றன. அந்தத் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பமோ அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். இறுதியாண்டு மாணவர் தாராளமாக எழுதலாம். 2021 முதல் மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் அனுமதி உண்டு. பட்டம் கைக்கு வரட்டும் என்று இருந்தவர் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதுதான். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வும், சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஆள் எடுக்கும் சி.டி.எஸ். தேர்வும் இறுதியாண்டு மாணவர்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து. காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, இந்த அலுவலகம் இரண்டு தலைமுறைகளுக்கு அரசு வேலையின் வாசலாக இருந்தது. சான்றிதழைக் காட்டினால்தான் பதிவு. பதிவு மூப்பின்படிதான் அழைப்பு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் இடம் தங்கும். பட்டம் வாங்கிய பிறகே வேலை தேடல் தொடங்கும் என்பது அன்று நடைமுறை உண்மை. அந்த அலுவலகம் அனுப்பும் பட்டியல் மட்டும் போதாது, நாளிதழ்களிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசல் மாறியும், பெற்றோர் தாங்கள் நின்ற வரிசையிலேயே பிள்ளைகளையும் நிற்கச் சொல்கிறார்கள்.

சில இடங்களில் அந்த வரிசை இன்றும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பட்டத் தகுதி கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு அறிவிக்கை வெளியாகும் நாளில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வும் அப்படித்தான். ஆனால் அதே வங்கித் துறையில் பாரத ஸ்டேட் வங்கி இறுதியாண்டு மாணவர்களையும் விண்ணப்பிக்க விடுகிறது. விதிவிலக்குகளை விதியாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

காத்திருப்பதன் விளைவுகளில் மிகக் கொடியது 'பேட்ச்' கணக்கு. புதியவர்களை எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் பெரும்பாலும் "இந்த ஆண்டு பேட்ச் மட்டும்" என்று ஆண்டைக் குறித்தே அழைக்கின்றன. அடுத்த பேட்ச் சந்தைக்கு வந்ததும் முந்தைய ஆண்டு பட்டதாரிக்குப் புதியவர் என்ற தகுதி போய்விடும். அனுபவசாலி என்று சொல்லிக்கொள்ள அனுபவமும் இருக்காது. "ஒரு வருஷம் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி ஒவ்வொரு நேர்காணலிலும் அவருக்காகக் காத்திருக்கும்.

அடி விழுவது யாருக்கு? நகரத்துப் பெரிய கல்லூரி மாணவருக்கு அண்ணனோ சீனியரோ இரண்டாம் ஆண்டிலேயே எல்லாம் சொல்லிவிடுவார்கள். வீட்டிலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010 முதல் தொழிற்படிப்புக் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. அந்தப் பிள்ளை உள்ளே வர வழி செய்துவிட்டு, வெளியேறும் வழி எந்த மாதம் திறக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

வேலைக்கு அலைந்தால் படிப்பு கெடும் என்பது அடுத்த வாதம். நிறுவனங்கள் கேட்பது பத்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் செமஸ்டர் வரையிலான மதிப்பெண்களையும், நிலுவையில் அரியர் இல்லாமல் இருப்பதையும்தான். தேடலின் காலம் முன்பே தெரிந்த மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே அரியரை முடித்துவிடப் பார்ப்பார். படிப்பைக் கெடுப்பது தேடல் அல்ல, கடைசி நேரத்துப் பதற்றம்.

ஒரு ஆஃபர் கிடைத்தவுடன் தேடலை நிறுத்தச் சொல்வதும் இதே மனநிலைதான். 2022 பேட்சில் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்த பலர் பணியில் சேரும் தேதிக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஆனாலும், ஒருவருக்கு ஒரு ஆஃபர்தான் என்று மற்ற நேர்காணல்களில் மாணவரை உட்கார விடாத கல்லூரிகள் இன்னும் உண்டு. அந்த விதியைத் தளர்த்த வேண்டும். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே, கலை அறிவியல் கல்லூரிகள் உட்பட, ஆண்டு முழுவதற்குமான விண்ணப்பத் தேதிகளை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் தமிழில் விளக்கவும் வேண்டும்.