‘கொஞ்ச நேரம் திறந்து விடுங்க’

அலுவலகம் கட்டுகஸ்தோட்டையிலோ குண்டசாலையிலோ இருக்கும். தரவுத்தளச் சேவையகம் கொழும்பில். நேற்றுவரை ஓடிய கணக்கு மென்பொருள் இன்று காலை இணைய மறுக்கிறது. யாரும் எதிலும் கை வைக்கவில்லை. இரவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ரவுட்டர் மறுபடி எழுந்தபோது இணைய நிறுவனம் வேறொரு ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டது. சேவையகத்தின் அனுமதிப் பட்டியலில் இருப்பதோ பழையது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம்வரை நீண்டது. அப்படிப்பட்ட நாளில் பாட்டரி தாங்காத எந்த அலுவலகத்துக்கும் இந்தக் கோளாறு வரக்கூடியதே.

உடனே தொலைபேசியில் வரும் வேண்டுகோள்: “கொஞ்ச நேரம் எல்லாருக்கும் திறந்து விடுங்க, பிறகு பாத்துக்கலாம்.” பட்டியலில் 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரிகளும், ஏறுகிறது. வேலை ஓடத் தொடங்கியதும் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. இந்தப் பழக்கத்தை நம் தொழில் கைவிட்டாக வேண்டும்.

ஆபத்து மட்டுமல்ல, பல வேளைகளில் அது வீண் வேலையும்கூட. மறுத்தது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். பதிலே வராமல் நேரம் கடந்து போனால், வழியில் ஒரு தீச்சுவர் பொதிகளைச் சத்தமின்றி விழுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். உடனடியாக ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாகத் தன் சொந்தக் கணினிக்குள் மட்டுமே காது கொடுக்கும். மைஎஸ்கியூஎல் 1130 என்ற எண்ணோடு மறுத்தாலோ, போஸ்ட்கிரெஸ் ‘இந்த முகவரிக்குப் பதிவு இல்லை’ என்றாலோ, பேசுவது தரவுத்தளமே. வலையமைப்பு சரி, தீச்சுவரும் சரி. அங்கே தீச்சுவரை அகலத் திறந்து ஒரு பயனும் இல்லை. போஸ்ட்கிரெஸின் செய்தியிலேயே சேவையகம் கண்ட முகவரியும் எழுதப்பட்டிருக்கும். அதை எதிர்முனையில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். பட்டியலில், வெளியே தெரியாத அலுவலக உள்முகவரியான 192.168-ஐ எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களும் அப்போதுதான் விழிப்பார்கள்.

போஸ்ட்கிரெஸில் இன்னொன்று: அனுமதிக் கோப்பில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரியே செல்லும். மேலே ஒரு மறுப்பு வரி இருந்தால், கீழே எத்தனை அனுமதி எழுதினாலும் எடுபடாது.

திறந்து விடுவதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம்: 2017 ஜனவரியில் கடவுச்சொல்லின்றி இணையத்தில் திறந்து கிடந்த மொங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, கப்பம் கேட்கும் குறிப்புகள் விடப்பட்டன. தாக்கியவர்கள் எதையும் உடைக்கவில்லை, திறந்திருந்த கதவு வழியாகவே நுழைந்தார்கள். அப்படித் திறந்து கிடப்பது பிறரின் தனிப்பட்ட விவரம் என்றால், இலங்கையில் இன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

மாறும் முகவரிகளைத் துரத்துவதை விட, கிளைக்கும் சேவையகத்துக்கும் இடையே வயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன் போடுவது நல்லது. ரவுட்டர் எத்தனை முறை அணைந்து எழுந்தாலும் விபிஎன்னுக்குள் கிளையின் முகவரி மாறாது. 4ஜி டொங்கிளில் வேலை செய்பவருக்கு இது இன்னும் அவசியம். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், அவரை அனுமதிக்கும் வரி முன்பின் தெரியாதவர்களையும் அனுமதிக்கும். அதுவரை தற்காலிக அனுமதி தவிர்க்க முடியாதென்றால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் கொடுங்கள். யார் கேட்டது, எந்தத் தேதிவரை என்பதையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.