ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே என்ன இருக்கப் போகுது?

ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கமிருந்து காலேஜுக்கு வர்ற ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம். இன்னைக்கு எங்க ஏரியாவுக்கு வந்திருக்கிற கேள்வி, நாளைக்கு உங்க ஏரியாவுக்கும் வரும்.

மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் தலைக்கு மேலே போகும் அந்தப் பாலத்தைப் பல வருஷமா அண்ணாந்து பார்த்துக்கிட்டே வந்திருக்கோம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காவது வழித்தடம் அது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர். நம்ம பக்கம் மட்டும் போரூர், தெள்ளியரகரம், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ, காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, முல்லைத் தோட்டம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ரயில் ஓடியது. மூன்று பெட்டி, ஓட்டுநர் இல்லாமலே ஓடும்படி செய்யப்பட்ட ரயில். அன்னைக்கு நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அந்த வீடியோதான்.

இரண்டாம் கட்டம் மொத்தமும் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு ரூ.63,246 கோடி. இவ்வளவு பெரிய காசு போட்டுக் கட்டும் ரயில் நம்ம வாழ்க்கையை மாத்துமா? மாத்தும், ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. ஸ்டேஷன் படிக்கட்டை விட்டு இறங்கினதும் அடுத்த வண்டி எப்போ வரும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அது தெரியலேன்னா, மேலே எவ்வளவு வேகமா ரயில் ஓடினாலும் நாம பைக்கை விடப்போறதில்லை.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அதனால ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஸ்டேஷனிலிருந்து உங்க வீட்டுப் பக்கம் மணிக்கு இரண்டு பஸ் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 30 நிமிஷத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் போய் நிற்கும் ஒருவர் சராசரியாக 15 நிமிஷம் காத்திருப்பார். இப்போ அதே இரண்டு பஸ், ஆனா ஒழுங்கில்லாமல் வருது. ஒன்று போன 10 நிமிஷத்தில் இன்னொன்று, அதுக்கப்புறம் 50 நிமிஷம் ஒன்றுமே இல்லை. சராசரி என்ன ஆகும்?

15தான்னு சொன்னா தப்பு. நீங்க போய் நிற்கும் நேரம் அந்த 50 நிமிஷ இடைவெளிக்குள் விழுவதற்கு ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு. அதுக்குள் விழுந்தால் சராசரி 25 நிமிஷம். 10 நிமிஷ இடைவெளிக்குள் விழ ஆறில் ஒரு பங்கு. அங்கே 5 நிமிஷம். கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 22 நிமிஷம் வரும். பஸ் எண்ணிக்கை அதேதான், டீசல் செலவும் அதேதான். ஒழுங்கு போனதால் மட்டும் ஒவ்வொருத்தருக்கும் 7 நிமிஷம் போச்சு. ரயிலில் 20 நிமிஷம் உட்கார்ந்து வந்தவன், 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போக 22 நிமிஷம் நிற்கணும்னா, மறுநாள் பைக் சாவியைத்தான் எடுப்பான்.

இந்த இடத்தில் ஜப்பானைக் கொஞ்சம் பார்க்கலாம். டோக்கியோவின் அகிஹபராவிலிருந்து வடகிழக்கே ட்சுகுபா நகரத்துக்கு ஒரு புறநகர் ரயில் ஓடுது, பேரு ட்சுகுபா எக்ஸ்பிரஸ். 2005இல் தொடங்கியது, நீளம் 58.3 கிலோமீட்டர். 2017 நவம்பர் 14 அன்று மினாமி-நகரேயாமா ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயில் 20 விநாடி முன்னாடியே கிளம்பிடுச்சு. அதுக்கு அந்த நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டது. உலகமே சிரித்தது, மீம்ஸ் போட்டது. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. மினாமி-நகரேயாமா சாதாரண ஸ்டேஷன் இல்லை, முசாஷினோ என்ற இன்னொரு ரயில் பாதையிலிருந்து மாறி ஏறும் இடம். அந்த வண்டியில் இறங்கி, இந்த வண்டிக்குப் படி ஏறி ஓடி வருபவருக்கு 20 விநாடி என்பது கண்ணெதிரே சாத்தப்படும் கதவு. அட்டவணை என்பது நிறுவனம் பயணிக்குக் கொடுக்கும் வாக்கு என்று அவங்க நினைக்கிறாங்க. எனக்கு அந்த மன்னிப்பு அப்படித்தான் படுது.

நம்ம ஊர் அனுபவத்துக்கு வருவோம். பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, 2007இல் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால் தாம்பரம் புறநகர் ரயிலோடும் மெட்ரோவோடும் கை கோர்த்திருக்கும். அந்த 5 கிலோமீட்டரை முடிக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அத்தனை வருஷமும் பறக்கும் ரயில் ஒரு முனை தொங்கிக்கொண்டே ஓடியது. இணைப்பு இல்லாத ரயிலுக்கு என்ன கதி என்று பார்க்க நாம ஜப்பான் வரை போகவே வேண்டாம்.

நம்ம ஏரியாவிலேயே இன்னொரு உதாரணம் இருக்கு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, 1856இல் போட்டது. இன்னைக்கு ஆவடி, அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் வழியாகப் புறநகர் ரயில் ஓடுவது அந்தத் தடத்தில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இன்டர்ன்ஷிப் போகும் நம்ம பசங்க எத்தனை பேர் பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்குறாங்க? ரொம்பக் குறைவு. காரணம் ரயில் இல்லாதது இல்லை, ஐயப்பன்தாங்கலிலிருந்து அந்த ரயிலைப் பிடிக்கும் வழிதான் சிக்கல்.

மேப்பை எடுத்துப் பாருங்க. புறநகர் ரயிலும் புது மெட்ரோவும் கிழக்கு மேற்காக, இணைகோடு மாதிரி ஓடுது. திட்டத்தில் இருக்கும் பூந்தமல்லி-சுங்குவார்சத்திரம் நீட்டிப்பும், கோயம்பேடு-பட்டாபிராம் வழித்தடமும்கூட நகரத்துக்குள்ளே போய் வெளியே வரும் பாதைகள்தான். போரூருக்கு மேற்கே நம்ம பக்கம் வடக்கையும் தெற்கையும் சேர்க்கும் ரயில் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பப்போவது பஸ் மட்டும்தான்.

அதனால்தான் ஐயப்பன்தாங்கல் ஸ்டேஷன் எனக்கு முக்கியமாகப் படுது. அதன் பெயரிலேயே பஸ் டிப்போ இருக்கு. மேலே ரயில், பக்கத்தில் பஸ் புறப்படும் இடம். இந்த வசதி எல்லா ஸ்டேஷனுக்கும் அமையாது. தெற்கே பரணிபுத்தூர், பெரியபணிச்சேரி, வடக்கே நூம்பல் என்று சின்னச் சின்ன வட்டமாகச் சிற்றுந்து விட்டால் போதும்.

‘டிராஃபிக்ல பஸ் எப்படிப்பா நேரத்துக்கு வரும்?’ என்று நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. 25 கிலோமீட்டர் ஓடும் பஸ் நேரத்துக்கு வராது, ஏன்னா ஒவ்வொரு சிக்னலிலும் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். ஆனா 3 கிலோமீட்டர் போய்த் திரும்பும் பஸ்ஸுக்குச் சேர வேண்டிய தாமதமே கம்மி. ஒவ்வொரு சுற்றிலும் டிப்போவில் இரண்டு நிமிஷம் நின்று கணக்கைச் சரிசெய்யவும் முடியும். நேரம் தவறாமல் ஓட்ட ஏற்ற வண்டி இந்தக் குட்டி பஸ்தான்.

‘ஷேர் ஆட்டோ இருக்கே?’ என்றும் கேட்கலாம். இருக்கட்டும். பகலில் அவங்கதான் நம்மைக் காப்பாத்துறாங்க. ஸ்டேஷன் வாசலில் அவங்களுக்கு ஒழுங்கான நிறுத்தம் கொடுக்கணும். ஆனா ஆள் நிரம்பினால்தான் ஷேர் ஆட்டோ கிளம்பும். ராத்திரி எட்டரைக்கு ஒரு பொண்ணு தனியா இறங்கி நிற்கும்போது, அது நிரம்புமா என்பதே சந்தேகம்.

இதில் உண்மையான இழப்பு அங்கேதான். காலேஜ் பஸ் சாயங்காலம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிடும். அதை விட்டால் வீட்டுக்குப் போக வழி நிச்சயமில்லை. அதனால ப்ராஜெக்ட் லேபில் இரண்டு மணி நேரம் கூட இருக்க முடியலை, கிளப் மீட்டிங், நகரத்துக்குள்ளே கிடைக்கும் இன்டர்ன்ஷிப் எல்லாம் கை நழுவுது. வீட்டில் அம்மா அப்பா கேட்பது ஒரே கேள்விதான்: ‘எத்தனை மணிக்கு வருவ?’ அதுக்குத் துல்லியமாகப் பதில் சொல்ல முடிஞ்சா பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சொல்ல முடியாதவங்க பல பேர் ‘வேண்டாம் விடு’ன்னு அந்த வாய்ப்பையே விட்டுடறாங்க. பையன்கள் பைக் எடுத்துக்கறாங்க, அந்த ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டுறதில் என்ன ஆபத்துன்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போ என்ன கேட்கணும்? மூன்று விஷயம் போதும். ஒன்று, ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் இணைப்புப் பஸ்ஸின் நேரத்தை எழுதி மாட்டணும். முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும் கட்டாயம் பஸ் இருக்கணும். இரண்டு, ஸ்டேஷனிலிருந்து சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்காவது தண்ணி தேங்காத, விளக்கு எரியும் நடைபாதை வேணும். ரோட்டின் இரண்டு பக்கமும், டிக்கெட் இல்லாமலே மேலே ஏறிக் கடக்க வழியும் வேணும். மூன்று, பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து மாணவர் மாதப் பாஸ். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்க முடிகிறது. டிக்கெட்டை ஒன்றாக்க முடிந்தவங்களுக்கு மாணவர் பாஸையும் ஒன்றாக்கத் தெரியும்.

கேட்பதற்கு இடமும் இருக்கு. பஸ், ரயில், மெட்ரோ எல்லாத்தையும் ஒருங்கிணைக்கத்தான் கும்டா என்ற போக்குவரத்துக் குழுமம் இருக்கு. அங்கே ‘பஸ் சரியா வரலை சார்’ என்று எழுதினால் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. ஆனா டேட்டாவோடு போனால் கதை வேற.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை, உங்க ஸ்டாப்பில் ஒவ்வொரு பஸ்ஸும் வரும் நேரத்தை மொபைலில் குறிச்சு வைங்க. ஸ்டாப் பேரு, பஸ் நம்பர், நேரம் இது மூணு போதும். நம்ம இதழ்க் குழுவுக்கு அனுப்புங்க. சராசரிக் காத்திருப்பு எவ்வளவுன்னு ஸ்டாப் வாரியாகக் கணக்குப் போட்டு, அந்த அட்டவணையோடு ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்புவோம். பாலம் கட்டுறது நம்ம கையில் இல்லை. அதுக்குக் கீழே எத்தனை நிமிஷம் நிற்கிறோம்னு எண்ணிச் சொல்றது நம்மால முடியும்.