திரிசடைக் கப்பலுக்கு ஒரு சீட்டு

எங்கள் ரூமில் ஐந்து பேர். ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து மற்றவர்கள் படுத்துவிட்ட பிறகும் திருவாரூர்த் தம்பி மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக் கடாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு 2022-ல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்றொரு தொகுப்பு வந்தது. அதில் ‘திராவிடர்’ என்று ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழன் பேரில் ஒரு காம்பெயின். விறகு வெட்டுகிறவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை கேட்டபோது எனக்கும் புல்லரித்தது.

“அண்ணே, நம்ம கப்பலப் பாருங்க” என்றான். பெரிய போர்க்கப்பல், பெயர் திரிசடை. எனக்குத் தெரிந்த திரிசடை அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள்தான். தரணி, லோலா, வஜ்ரா, திரிசடை என்று சோழர் கப்பல் வகைகளின் பட்டியல் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. ஆனால் 1025 வாக்கில் நடந்த கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில், அரசன் பல கலங்களைக் கடலில் செலுத்தினான் என்பதோடு சரி. எந்த வகைக் கலம், என்ன பெயர், ஒன்றும் கிடையாது.

அடுத்தது உருமி வீரன். சுருள்வாளைச் சுழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறான். சுற்றி நிற்கிற எதிரிகளுக்கெல்லாம் வெட்டு, பக்கத்தில் நிற்கிற நம் ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. களரியில் சுருள்வாள் சுழல்வதைப் பார்த்தவர்கள், அதை ஏந்தியவன் பக்கத்தில் தோளோடு தோள் நிற்பார்களா?

விளையாட்டுதானே, விடு என்பார்கள். விளையாட்டு என்பதற்காக விட்டுவிடத் தயார்தான். சோழ, சேர, பாண்டியரோடு கன்னடரையும் தெலுங்கரையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டியதையும், லாயத்தில் கனரகக் குதிரை வீரனே இல்லாமல் செய்ததையும் ‘பேலன்ஸ்’ கணக்கில் எழுதிக்கொள்ளலாம். உள்ளது உள்ளபடி செய்தால் கடாரம் போய்ச் சேரவே தம்பிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

நான் வேலை பார்ப்பது குவாலிட்டியில். புஷ் ஒன்றின் உள்விட்டம் டிராயிங்கில் 25 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.02 போகலாம். போர் கேஜில் (எங்களுக்குப் போர் என்றாலே முதலில் இதுதான் ஞாபகம் வரும்) 25.03 காட்டினால் ஓரமாக எடுத்து வைப்போம். அதற்காக எல்லாம் குப்பைக்குப் போகாது. வாங்குகிறவர் ஒப்புக்கொண்டால் ‘டீவியேஷன்’ சீட்டில் எவ்வளவு விலகல், ஏன், யார் அனுமதித்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். சீட்டு இல்லாமல் நல்ல சரக்கோடு கலந்து அனுப்பினால்தான் மெமோ. இந்த விளையாட்டு அதைத்தான் செய்கிறது. ‘வரலாறு’ என்று தனிப் பகுதியே வைத்திருப்பவர்கள், திரிசடையின் விவரக் குறிப்பில் இது எங்கள் கற்பனை என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ‘பொன்னியின் செல்வன்’ அட்டையில் நாவல் என்று இருக்கிறது. அப்படியிருந்தும் நந்தினி சமாதி எங்கே என்று கேட்கிற ஆட்கள் எங்கள் கேன்டீனிலேயே உண்டு.

நம்மவர்களும் லேசில்லை. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வந்தால் மணிமங்கலம். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற ஊர். ஏழாம் நூற்றாண்டில் இங்கேதான் மாமல்லன் நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்தான் என்கிறது அவன் பேரன் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடு. தோற்று ஓடியவன் முதுகையே பட்டயமாக்கி, வெற்றி என்று எழுதினானாம்! தாத்தாவைப் பேரன் புகழ்கிறான் என்று தெரிந்துதான் அதைப் படிக்கிறோம். சீட்டு அதிலேயே இருக்கிறது.

போன வாரம் ஆஃப் அன்று தம்பியைப் பைக்கில் அங்கே கூட்டிப்போனேன். ஏரிக்கரையில் நின்று, “எந்தப் பக்கம்ணே சண்டை?” என்றான். ஊர்ப் பெயருக்கு மேல் செப்பேட்டில் இல்லை என்றேன். ரூமுக்கு வந்ததும் விளையாட்டிலேயே இருக்கிற எடிட்டரைத் திறந்து மணிமங்கலம் போரைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். வரைபடத்தில் முதல் வேலையாக ஏரி.

“அப்ப ஏரி இருந்ததாடா?”

கொஞ்சம் யோசித்தான். குறிப்புப் பெட்டியில் ‘ஏரி நானாகப் போட்டது’ என்று தட்டினான்.

“யானை எத்தனை?”

“நாப்பதுண்ணே. அதுக்கும் சீட்டு எழுதணுமா?”