முள்ளுக்குப் பின்னால் விரல்

கெளுத்தியைக் கையால் பிடிக்கிறவர் வாலைத் தேட மாட்டார். சேற்றில் துழாவி, தலையை உள்ளங்கையால் அமுக்கி, விரிந்து நிற்கும் இரண்டு பக்க முள்ளுக்கும் பின்னால் விரலைக் கொடுப்பார். பிசகினால் குத்து, குத்தியது தேளி மீன் என்றால் ராத்திரித் தூக்கம் போச்சு. இந்த வித்தைக்குத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்க வேண்டும். நெய்வேலிச் சுரங்கம் இறைத்துக் கொட்டும் நிலத்தடி நீரால் வாலாஜா ஏரியில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது; அங்கே இந்த வித்தை நடக்காது. பாசனத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலத்தடி நீர்மட்டம் பாதாளத்துக்குப் போய்விட்டதென்று சுற்றுக்கிராமங்கள் எத்தனை காலமாக முறையிடுகின்றன! நிறைந்த ஏரியை மட்டும் காட்டும் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. சுரங்க நீரில் ஒரு பங்கை ஊர்க் குட்டைகளுக்கும் திருப்பிவிடுங்கள். சித்திரையில் அவை வற்றும்போது பையன்கள் இறங்கட்டும், நாலு குத்தும் வாங்கட்டும்.