லாரி, டிரெயிலர் அடிச்சட்டத்தைத் தின்னும் துரு

மாட்டு வண்டிகளே பாரம் சுமந்த காலத்தில், அச்சுக்கு மசகு இடாமல் வண்டி பூட்டும் குடியானவர் எவருமிலர். இன்று திண்டுக்கல் சமவெளியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்வனவும், வயலுக்கு உரம் கொணர்வனவும் லாரியும் டிராக்டர் டிரெயிலருமே. ஆயினும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய இவ்வண்டிகளின் அடிப்புறத்தைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலர். மேற்புறத்துக்கு வர்ணமும் மாலையும் கிடைக்கின்றன. பாரம் முழுவதையும் தாங்கும் சட்டத்துக்கோ சேறும் உப்புமே கிடைக்கின்றன.

வறண்ட சீமையில் துரு ஏறாது, அது கடற்கரையாரின் தொல்லை என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். கடற்காற்றின் கொடுமை மெய்யே. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் அரிப்பு மிகுந்தமையால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை இழந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் துரு உண்டாவதற்குக் கடல் வேண்டுவதில்லை. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் போதும். உப்பு சேர்ந்த ஈரம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அரிப்பு பன்மடங்கு விரைவடையும்.

அவ்வுப்பு இங்கு மூட்டைகளிலேயே வந்து சேருகிறது. மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் குளோரின் உள்ளது. கிழிந்த சாக்கிலிருந்து சிந்தும் துகள் பலகை இடுக்கின் வழியே சட்டத்தில் தங்கி, காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். தோல் பதனிடும் சாலைகளுக்கு உப்பிட்ட தோல் ஏற்றிவரும் லாரிக்கும் இதே கேடு உண்டு. அச்சாலைகளை அடுத்த கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பாகிவிட்டது. அந்நீரால் கழுவுதல் கழுவாமைக்கு ஒப்பாகும்.

ஆதலின் உரமோ தோலோ இறக்கிய அன்றே, முதலில் துடைப்பத்தால் துகளை நீக்கி, பின்னர் நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவி உலரவிடல் வேண்டும். சட்டத்தில் நீர் வடியும் துளைகள் அடைபடாதிருத்தல் அவசியம். தண்ணீர் அரிதான ஊரில் இது வீண் செலவு என்பர் சிலர். உலர்ந்த துகளை முன்னரே கூட்டிவிட்டால் சில வாளி நீரே போதும்.

ஆண்டுக்கொருமுறை, பங்குனி சித்திரை வறட்சியில், சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் நலம். கணீரென ஒலித்தால் இரும்பு உறுதியானது; மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால் தகடு மெலிந்ததென்று அறியலாம். மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அல்லது துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசி, அதன்மேல் வர்ணம் இடுக. துத்தநாகம் தான் முன்னே அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் வெறும் இரும்பின்மேல் படிந்தாலன்றி அது பயன்தராது. பிரேக்கு, ரப்பர் பாகங்கள், புகைக்குழாய் இவற்றின்மேல் பூச்சு படலாகாது. சட்டம் மெலிந்திருப்பின் கண்ட இடத்தில் ஒட்டுப் போடாமல், தேர்ந்த பட்டறையில் காட்டுவதே தக்கது.

இங்கு வழங்கும் இரு பழக்கங்கள் கண்டிக்கத்தக்கவை. கழிவு எண்ணெயைச் சட்டமெங்கும் அடித்தல் ஒன்று. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். வழிந்து மண்ணையும் கிணற்றையும் பாழாக்கும். தகுதிச் சான்று பெறும் நாளுக்கு முன், துருவின் மேலேயே கறுப்பு வர்ணம் பூசுதல் மற்றொன்று. வர்ணத்தால் பரிசோதகரை ஏமாற்றலாம். சுமையை ஏமாற்ற இயலாது. டிரெயிலரை டிராக்டருடன் இணைக்கும் சட்டம் பாரத்தோடு முறியுமாயின், நஷ்டம் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. மூட்டைமேல் அமர்ந்துவரும் கூலியாட்களின் உயிர் அதில் அடங்கியுள்ளது. டிரெயிலரில் ஆள் ஏற்றுவதே தகாது. துருப்பிடித்த டிரெயிலரில் ஏற்றுதல் பெருங்குற்றமாகும்.

இதில் கிராம அதிகாரிகளுக்கும் பங்குண்டு. உரம் வழங்கும் கூட்டுறவுச் சங்கக் கிடங்குதோறும் நன்னீர் வசதியுடன் ஒரு கழுவு மேடை அமைத்தல் தகும். குளம், கண்மாய்களுக்கு அப்பால், அழுக்கும் எண்ணெயும் தங்குதற்குரிய குழியோடு அது அமைய வேண்டும். அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியிலேயே நடைபெற்று வருகின்றது. அத்தகைய அறிவு ஆய்வுச்சாலையோடு நின்றுவிடாமல், விதையும் உரமும் போலவே செயல்முறை விளக்கங்களின் வாயிலாகக் களத்துமேட்டை எட்டுதல் வேண்டும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அப்பூட்டு 2019-ல் புவிசார் குறியீடும் அடைந்தது. இரும்பின் குணம் இவ்வூரார்க்குப் புதிதன்று. பூட்டுக்கு எண்ணெயிட அறிந்தவர்கள், தங்கள் மகசூலைச் சுமக்கும் சட்டத்தையும் அடுத்த மழைக்கு முன் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்களாக.