பின்பக்கம் கொஞ்சம் தள்ளு, வாத்யாரே!

படகுக்கு பிரேக் கிடையாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். படகுக்குப் பக்கவாட்டில் நகரவும் வராது. இது தெரிந்திருக்காது. தெரியாததால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போகிறவர்கள், விலையைக் கேட்டு வந்த மயக்கம் தெளிந்ததும், ஒரு பத்து நிமிஷம் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். டிக்கெட் இல்லாத சர்க்கஸ்.

ஒரு விசைப்படகு கடலிலிருந்து உள்ளே வருகிறது. ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் தீப்பெட்டிக் குச்சி மாதிரி படகுகள். நடுவே ஒரு சந்து. அதில் இது நுழைய வேண்டும். அணியத்தில், அதாவது மூக்கில், ஒரு பையன் கயிறும் கையுமாக நிற்கிறான். அமரத்தில், அதாவது வாலில், இன்னொருவர் நீளமான கழியோடு நிற்கிறார். ஓரமெல்லாம் பழைய டயர் தொங்குகிறது. டிரைவர் கேபினிலிருந்து தலையை நீட்டிக் கத்துகிறார். பக்கத்துப் படகுக்காரர் பதிலுக்குக் கத்துகிறார். கத்தலின் தமிழை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. கயிற்றுப் பையன் தாவுகிறான். கழிக்காரர் ஊன்றித் தள்ளுகிறார். 'டொம்' என்று ஒரு சத்தம். வந்து சேர்ந்தாயிற்று.

இவ்வளவு கலாட்டாவுக்கும் காரணம் ஒன்றுதான். காரை முன்சக்கரம் திருப்புகிறது, படகை வால் திருப்புகிறது. உங்கள் ஸ்கூட்டரின் ஹாண்டில்பாரைக் கழற்றிப் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு மவுண்ட் ரோடில் போவதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். (கற்பனை மட்டும்.) வலது பக்கம் திருப்பினால் மூக்கு கொஞ்சம் வலது பக்கம் போகும். வால் அகலமாக இடது பக்கம் வீசும். கரையை விட்டு விலகலாம் என்று திருப்பினால், வால் கரையிலேயே போய் இடிக்கும்.

போதாக்குறைக்கு சுக்கான் என்பது அரசாங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி. பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தான் வேலை செய்யும். இன்ஜின் சுற்றி, விசிறி தண்ணீரைத் தள்ளி, அந்தத் தண்ணீர் சுக்கான் மேல் பாய்ந்தால்தான் படகு சொன்ன பேச்சு கேட்கும். கரை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைக்கிறோம். குறைக்கக் குறைக்க சுக்கான் செத்துப்போகிறது. எங்கே அதிகம் கட்டுப்பாடு வேண்டுமோ அங்கேதான் இல்லை! சரி, நிறுத்த ரிவர்ஸ் போடலாம் என்றால், சாதாரணமாக வலது பக்கம் சுற்றும் விசிறி ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சுற்றி வாலை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். டிரைவர்களுக்கு இது அத்துப்படி. இடது பக்கம் கரை இருந்தால் சந்தோஷம், வலது பக்கம் இருந்தால் கத்தல்.

இதற்கெல்லாம் மருந்தாக வந்ததுதான் ஸ்டெர்ன் த்ரஸ்டர். வால்தள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். படகின் பின்பக்கம், தண்ணீருக்குக் கீழே, குறுக்காக ஒரு குழாய். அதற்குள் சின்ன விசிறி ஒன்று. டிரைவர் குச்சியை வலது பக்கம் அசைத்தால் வால் வலது பக்கம் போகும். இடது என்றால் இடது. அவ்வளவுதான். சின்னப் படகுகளில் பின்பலகைக்கு வெளியே பெட்டி மாதிரியும் மாட்டலாம். மூக்கில் மாட்டினால் அது பௌ த்ரஸ்டர். இரண்டும் இருந்தால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். பணக்கார தேசங்களில் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் சொகுசுப் படகைச் சண்டை போடாமல் கரையில் கட்ட இது உதவுகிறது என்கிறார்கள். கல்யாணத்தைக் காப்பாற்றும் மோட்டார்!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பௌதிகம் எல்லாம் கரண்ட் பில்லோடு சரி. ஆனால் இந்தக் கணக்கு சுலபமாகவே இருக்கிறது. சுமாரான ஒரு வால்தள்ளி 5 கிலோவாட். பேட்டரி 12 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 400 ஆம்பியருக்கு மேல் வருகிறது. உங்கள் வீட்டு ஏஸி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர். அதனால் கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர் வேண்டும், பக்கத்திலேயே தனி பேட்டரி வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் இரண்டு மூன்று நிமிஷத்தில் மோட்டார் கொதித்து, தானே நின்றுவிடும். இத்தனையும் செய்து கிடைக்கும் தள்ளு சுமார் 80, 100 கிலோ. நல்லாச் சாப்பிட்ட இரண்டு பேர் கழி ஊன்றித் தள்ளுகிற தள்ளு! ஐஸும் மீனும் ஏறிய காசிமேட்டு விசைப்படகுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போய் அங்கே ஒரு டிரைவரிடம் விளக்கினேன். ஐம்பது வயசுக்கு மேல். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது தம்பி. எங்க மாட்டுவ?"

"பின்னால, அண்ணே."

"பின்னாலதான் வலை ஏறும், எறங்கும். அங்க மிசினு வெச்சா வலை மாட்டிக்காதா?"

நான் நோட்டைப் புரட்டினேன். அதில் வலை இல்லை.

"சரி, உள்ள வெச்சேன்னு வெய்யி. இந்தத் தண்ணியப் பாரு" என்றார். பார்த்தேன். பிளாஸ்டிக் பை, அறுந்த வலைத்துண்டு, கயிறு, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு. "கொயா வாய்ல இது போனா இன்னா ஆவும்? நான் முங்கி எடுக்கணும்."

இரண்டுமே நியாயமான கேள்விகள். வலையை இழுவைப்படகுகள் பின்பக்கமாகத்தான் விடுகின்றன, வாங்குகின்றன. குழாயின் வாய்க்குக் கம்பி வலை போடலாம். போட்டால் தள்ளு குறையும். சிப்பி ஒட்டினாலும் குறையும்.

"அப்போ நீங்க எப்படித்தான் வாலைச் சேர்க்கறீங்க?" என்றதற்கு அவர் காட்டிய வித்தை எனக்கு ரொம்பப் பிடித்தது. மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கயிற்றைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து கரையில் கட்டிவிடுவது. சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்புவது. இன்ஜினை மெல்ல முன்னால் ஓட்டுவது. கயிறு பிடித்துக்கொண்டிருப்பதால் படகு முன்னால் போக முடியாது. விசிறித் தண்ணீர் மட்டும் சுக்கானில் பாய்ந்து வாலைக் கரையோடு கொண்டுவந்து ஒட்டிவிடும். சுக்கானை மாற்றித் திருப்பினால் வால் விலகும். 400 ஆம்பியர் வேண்டாம், ஒரு கயிறு போதும். அந்த இன்ஜினும் நம்ம ஊர் ஜாதிதான். எண்ணூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் மரைன் இன்ஜின்கள் விசைப்படகுகளில் சர்வ சாதாரணம். பஸ்ஸை இழுக்கும் இன்ஜினுக்குக் கடலில் ஒரு தம்பி.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு ஆள் முதலில் கயிறோடு தாவியாக வேண்டும். சர்க்கஸ் என்று மேலே எழுதினேனே, அதில் சிரிப்பு இல்லாத பகுதி இதுதான். ஆள் நிரம்பிய எம்.டி.சி. பஸ்ஸை விடக் கனமான படகு, நாம் நடக்கிற வேகத்தில்தான் வரும். மெதுவாக வருவதால் கையால் தடுத்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. படகுக்கும் கரைக்கும் நடுவே மாட்டுகிற விரல் விரலாக இருக்காது. அந்த டிரைவரின் இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீ கிளாஸை வலது கையில் வாங்கிக்கொண்டார்.

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கேதான் உறுத்துகிறது. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தை ஓனரும் ஆட்களும் பங்கு பிரிப்பது வழக்கம். வால்தள்ளி வாங்கினால் அது சொத்து. கணக்கில் ஏறும், வருஷா வருஷம் தேய்மானம் போடலாம். கயிற்றுப் பையனின் விரல் எந்தக் கணக்கிலும் ஏறாது. தேய்மானம் மட்டும் உண்டு. லட்சக்கணக்கில் போட்டு மோட்டார் மாட்ட எந்த ஓனருக்கு மனசு வரும்?

இன்னொரு வேடிக்கை. வாலைத் தனியாகத் தள்ளும் வித்தை இந்தக் கரைக்குப் புதுசே இல்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் மெட்ராஸுக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றன. சாமானையும் துரைமார்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகு. ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். அதற்கு சுக்கானும் இல்லை. பின்னால் நின்ற ஆள் நீளத் துடுப்பால் வாலை நேராக இப்படியும் அப்படியும் தள்ளினார். படகு அசையாமல் நின்றாலும் துடுப்பு வேலை செய்யும். கட்டுமரமும் அப்படித்தான். இன்ஜினும் சுக்கானும் வந்தன, வேகம் வந்தது, இந்தச் சௌகரியம் போயிற்று. போனதை இப்போது மோட்டார் போட்டு விலைக்கு விற்கிறார்கள்.

காசிமேட்டிலேயே கஷ்டப்படாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. ஃபைபர் போட் பையன்கள்! அவர்களுடைய அவுட்போர்டு மோட்டார் சுக்கானை நம்பி இல்லை. மோட்டாரே திரும்பும், திரும்பிய பக்கம் தள்ளும். பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலை முட்டித் தள்ளும் நவீன டக் படகிலும் இதே தத்துவம்தான். அதில் விசிறியே முழு வட்டமாகத் திரும்பும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் மாதிரிக் கப்பல்களில் பெரும்பாலும் த்ரஸ்டரே இருக்காது. டக் படகுகள்தான் மூக்கையும் வாலையும் தள்ளிக் கரையில் ஒட்டவைக்கின்றன. இரண்டு கால்பந்து மைதான நீளமுள்ள கப்பலே வெட்கப்படாமல் அடுத்தவர் உதவியோடுதான் பார்க் செய்கிறது.

எல்லாம் சரி, த்ரஸ்டர் வைத்தால் காசிமேட்டில் கத்தல் குறையுமா? என் அபிப்பிராயம்: குறையாது. பக்கவாட்டில் நகர மோட்டார் இருந்தால் போதாது, பக்கம் இருக்க வேண்டும். அங்கே பக்கமே இல்லை. கட்டும்போது போட்ட கணக்கை விடப் படகுகள் ரொம்ப அதிகம். ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசை வரிசையாக நிற்கின்றன. கடைசிப் படகுக்காரர் மற்ற படகுகள் மேலெல்லாம் ஏறி இறங்கித்தான் கரைக்கு வருகிறார்.

இட நெருக்கடிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார்கள். முடியும் தறுவாயில் 1881 புயல் கடல் சுவர்களைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே இருந்த வாசலில் மணல் தொல்லை. 1904 முதல் 1919 வரை பொறுப்பிலிருந்த ஃப்ரான்சிஸ் ஸ்ப்ரிங் காலத்தில் வாசல் வடகிழக்குக்கு மாறியது. கப்பல்களுக்கு நிம்மதி. ஆனால் கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணலைச் சுவர் மறித்துவிட்டது. தெற்கே மெரினா அகலமாயிற்று, நாம் சுண்டல் சாப்பிடுகிறோம். வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தடுக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். மணலில் ஏற்றி நிறுத்திய படகைப் பாறாங்கல்லில் ஏற்ற முடியுமா? அதுவும் துறைமுகத்தில் இடம் தேடத்தான் வேண்டும். திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டியது நெரிசல் குறையட்டும் என்றுதான்.

டிரைவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "ஓனர் இனாமா மாட்டித் தந்தா வேணாம்பீங்களா?"

யோசித்தார். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போதுதான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். துளை போடுவதானால் அப்போதுதான் போட வேண்டும்.

"மூக்குல ஒண்ணு மாட்டச் சொல்லு" என்றார். "பின்னாடி நான் பாத்துக்கறேன். முன்னாடி தாவுறது என் தங்கச்சி புள்ள."