ஆரூடம் எதற்கு? விதி எங்கே?

சி.பி.ஐ. டைரக்டர் நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்தால் போதும். நம் பத்திரிகைகளுக்குக் குருப்பெயர்ச்சிப் பலன் எழுதுகிற சுறுசுறுப்பு வந்துவிடும். எந்த அதிகாரி எந்த ஆண்டு ஐ.பி.எஸ்., எந்த மாநிலத்துக்காரர், டில்லியில் யாருக்கு வேண்டியவர் என்று பக்கம் பக்கமாக ராசிக் கட்டம் போடுகிறார்கள். நம் தாராவி டீக்கடை பெஞ்சிலும் அதே பேச்சுத்தான். பந்தயம் கட்டுகிறவர்களும் உண்டு. தோற்றவர் டீ வாங்கித் தருவார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை, தோழர்களே. நம்மில் பலருக்கு ஊர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. சுட்டது போலீஸ், விசாரிப்பதும் போலீஸ் என்றால் நியாயம் கிடைக்குமா? அதனால்தான் அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சிக்கி உயிரிழந்தபோதும் வழக்கு அங்கேதான் போனது. உள்ளூர்ப் போலீசை நம்ப முடியாத ஏழைக்குக் கடைசியாகக் காட்டப்படுகிற கதவு அது.

அந்தக் கதவுக்குப் பின்னால் 2018 அக்டோபரில் என்ன நடந்தது? டைரக்டர் அலோக் வர்மா ஒரு பக்கம், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ராகேஷ் அஸ்தானா மறுபக்கம். ஒருவர் மேல் ஒருவர் லஞ்சப் புகார். சி.பி.ஐ. தன் சொந்த அதிகாரி மீதே வழக்குப் போட்டது. (அஸ்தானா மேல் ஆதாரமில்லை என்று பின்னாளில் சி.பி.ஐ.யே சொல்லிவிட்டது.) அக்டோபர் 23 நள்ளிரவில் இருவரையும் மத்திய அரசு கட்டாய விடுப்பில் அனுப்பியது. 2019 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றம் வர்மாவை மீண்டும் உட்கார வைத்தது. இரண்டே நாளில், ஜனவரி 10இல், தேர்வுக் குழு அவரை எழுப்பிவிட்டது. தூத்துக்குடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நம்பியிருந்த அலுவலகத்தின் லட்சணம் அது.

இனி 2021க்கு வருவோம். தேர்வுக் குழுவில் மூன்று பேர்: பிரதமர், தலைமை நீதிபதி, மக்களவையின் பெரிய எதிர்க்கட்சித் தலைவர். 2013இன் லோக்பால் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. ஆரூடக்காரர்கள் முன்வரிசையில் வைத்த பெயர்களில் இரண்டு, எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராக இருந்த அதே அஸ்தானாவும், தேசியப் புலனாய்வு முகமைத் தலைவராக இருந்த ஒய்.சி.மோடியும். மே 24இல் குழு கூடியது. ஓய்வு பெற ஆறு மாதத்துக்கும் குறைவாக இருப்பவரை இப்படிப்பட்ட பதவிக்கு எடுக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் சொல்லைத் தலைமை நீதிபதி ரமணா எடுத்து வைத்தார் என்று செய்தி வந்தது. ஒரே ஒரு வாக்கியம்! இரண்டு பெயர்களும் உதிர்ந்தன. மறுநாள் சுபோத் குமார் ஜெய்ஸ்வால் வந்தார். நம் மும்பையில் போலீஸ் கமிஷனராக இருந்தவர்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் போன விதத்தைக் கேளுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஆதிர் ரஞ்சன் சௌத்ரியே வெளியில் வந்து சொன்னது: மே 11இல் 109 பெயர்கள். கூட்டத்தன்று பகல் ஒரு மணிக்குப் பத்து. மாலை நான்கு மணிக்கு ஆறு. மூன்று மணி நேரத்தில் நான்கு பேரைக் கழித்தது யார், எந்தக் கணக்கில்? ரேஷன் கார்டில் ஒரு பெயரை நீக்குவதற்குக்கூட நம்மிடம் காரணம் கேட்டு ஆயிரம் காகிதம் வாங்குகிறார்களே!

சரி, விதி ஜெயித்தது என்று மகிழலாமா? ஜூலை 27 அன்று, ஓய்வுக்கு நான்கே நாள் இருக்கையில், அஸ்தானாவை டில்லி போலீஸ் கமிஷனர் ஆக்கினார்கள், ஓராண்டுக்கு. டில்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. செல்லட்டும். மே மாதத்தில் ஒரு நாற்காலிக்குத் தடையான விதி ஜூலையில் பக்கத்து நாற்காலிக்கு ஏன் தடையாகவில்லை என்று நாம் கேட்கக் கூடாதா?

அடுத்து நவம்பர் 14. நாடாளுமன்றம் கூட இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் அவசரச் சட்டம். சி.பி.ஐ., அமலாக்கத்துறை இரண்டின் தலைவர்களுக்கும் ஐந்தாண்டு வரை, ஓராண்டு ஓராண்டாக நீட்டிப்புத் தரலாம் என்றார்கள். 1997இல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தது இரண்டாண்டு என்று காலவரை வைத்ததே, அதிகாரி யாருக்கும் பயப்படாமல் வேலை செய்யட்டும் என்பதற்காக. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியாதா? மில்லில் பதிலி வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்: மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தே விடியும். இனி நீட்டிப்புத் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் அமலாக்கத்துறையின் சஞ்சய் குமார் மிஸ்ராவுக்கு நீட்டித்தார்கள். அது சட்ட விரோதம் என்று 2023 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆனால் அவசரச் சட்ட வழியில் வந்த திருத்தத்தை அதே தீர்ப்பு நிற்க வைத்துவிட்டது. தீர்ப்புக்குப் பிறகும் கெஞ்சி, செப்டம்பர் 15 வரை அவரை வைத்துக்கொண்டார்கள். 2023 மேயில் சி.பி.ஐ.க்கு வந்த பிரவீன் சூடுக்கும் இரண்டாண்டு முடிந்ததும் 2025 மேயில் ஓராண்டு நீட்டிப்பு.

ஆகவே நாமும் ஓர் ஆரூடம் சொல்லி வைக்கிறோம். அடுத்து யார் வந்தாலும் ஆணையில் இரண்டாண்டு என்று இருக்கும். மூன்றாம் ஆண்டுக்கான கயிறு டில்லியின் கையில் இருக்கும். பெயரில் பந்தயம் கட்டுகிறவர்கள் இதிலும் கட்டிப் பார்க்கலாம்.

ஓட்டுக் கேட்டு நம் சந்துக்குள் வருகிற எம்.பி.யிடம் தண்ணீர்க் குழாயையும் கக்கூஸையும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். கூடவே இதையும் கேட்போம்: தேர்வுக் குழுவுக்குப் போகிற பட்டியலையும், கழித்த பெயருக்குக் காரணத்தையும், மாறுபட்டவர் எழுதிய குறிப்பையும் ஏன் அச்சிட்டு வெளியிடக் கூடாது? அந்த ஓராண்டு நீட்டிப்புச் சட்டம் 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது உங்கள் கட்சி எந்தப் பக்கம் கை தூக்கியது?